பொட்டு வைத்த சேவல்கள்

ஆரணியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அப்பா அரசாங்கத்துச் சேவலை அறுத்துக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குத் தாமலில் வேலை. பெண்ணே இல்லாத வீட்டில் பெண் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, அவர்கள் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். நான் சாயங்காலம் வந்து, பசியில் இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோதுதான் கம்பிவலைக் கூண்டில் சிவப்புச் சேவல் இல்லாததைப் பார்த்தேன்.

கத்தினேன். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றுபோகும் அளவுக்குக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாயே திறக்காது. அவர் பாட்டுக்குத் தார்க்குச்சியில் சுற்றியிருந்த பட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. நான் கிராம சேவிகாவாக இருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் 'தறியை விட்டு இறங்கி பஸ் ஏறினவள்' என்று எனக்குப் பெயர், அதை யாரும் புகழ்ந்து சொல்லவில்லை. தாமல் பக்கத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, புகையில்லாத அடுப்பு, குழந்தைக்கு அம்மைக் குத்து, கீரைப் பாத்தி, கோழி வளர்ப்பு என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஊரில் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருந்தது. எங்கள் விரிவாக்க அலுவலர் என்னைப் பற்றி எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் வேலை நிலைக்கும். நிலைக்காவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் ஆரணி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது அப்பாவுக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தம். மாப்பிள்ளை நல்லவர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டில் நான்கு தறி இருந்தது. ஐந்தாவதற்கு ஆள் தேடித்தான் பெண் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த அறிக்கை கோழியில் வந்து நின்றதற்கு நானே காரணம். நாட்டுக்கோழிக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று தெரிய இரண்டு மாதம் ஆகும். அதுவரை எல்லாவற்றுக்கும் தீனி போட்டு வளர்த்தால், பாதிக்குப் பாதி சேவலாகப் போகும். சேவல் வீட்டு ஆண்களின் சொத்து, விருந்துக்கும் வேண்டுதலுக்கும் போய்விடும். பெட்டையும் அது இடும் முட்டையும்தான் பெண்கள் கையில் நிற்கும். பயிற்சியில் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளை வரி போட்ட இறகுள்ள சீமைக்கோழி ஒன்று, உடம்பெல்லாம் சிவப்பான சீமைக்கோழி ஒன்று. இரண்டையும் முறைப்படி சேர்த்தால் பிறக்கிற குஞ்சு எல்லாம் கறுப்பாக இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், பொட்டு இல்லையென்றால் பெட்டை. பொரித்த அன்றைக்கே பிரித்துவிடலாம்.

இதை மாதர் சங்கக் கூட்டத்தில் சிலேட்டில் வரைந்து காட்டினேன். கரும்பலகை நிறத்தில் ஒரு தலை, நடுவில் சாக்குக்கட்டியால் ஒரு பொட்டு. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா டீச்சரம்மா, பொட்டு வெச்சது ஆம்பளையா? அப்போ நாங்கல்லாம் யாரு?" என்றாள் ஒருத்தி. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சொல்லிச் சொல்லி மனசில் ஏற்றிவிட்டேன். பொட்டு இருந்தால் பொட்டை இல்லை என்று அவர்களே ராகம் போட்டுச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

சிரிக்காமல் கேட்டவள் ஒருத்திதான். ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது மருமகள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். போன மாசி மாதம் வந்த வெள்ளைக் கழிச்சலில் அவள் கோழிகள் அத்தனையும் சுருண்டு விழுந்து, ஒரே ஒரு பெட்டை மிஞ்சியிருந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கோழி மட்டும்தான் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். மறு வாரம் அவள் என்னிடம் வந்து, சிலேட்டை வாங்கி, தானே அந்தத் தலையை வரைந்து, சரிதானா என்று கேட்டாள்.

அவள் கணவனின் மூத்த அண்ணன் பஞ்சாயத்து உறுப்பினர். அவருக்கு விஷயம் போயிற்று. நெற்றியைப் பார்த்து ஆண் பெண் சொல்கிற ஜோசியக்காரி ஒருத்தி காஞ்சிபுரத்திலிருந்து வருகிறாள் என்று டீக்கடையில் பேசினார். விரிவாக்க அலுவலர் ஊருக்கு வந்தபோது அவர் எதிரிலும் சொன்னார். அலுவலர் சிரித்துவிட்டு, குஞ்சு பொரிக்கிற அன்றைக்குத் தானே வருவதாகவும், ஊர் எதிரில் நான் பிரித்துக் காட்டட்டும் என்றும், அதை அப்படியே என் அறிக்கையில் எழுதுவதாகவும் சொன்னார். என் பக்கம் திரும்பி, சரிதானே என்று கேட்டார். ஆமாம் சார் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அரசாங்கக் கோழிப் பண்ணையிலிருந்து எனக்கு இரண்டு குடும்பம் கொடுத்திருந்தார்கள். ஒரு சிவப்புச் சேவலும் ஆறு சிவப்புப் பெட்டையும், ஒரு வரிச் சேவலும் ஆறு வரிப் பெட்டையும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு கூண்டு அடித்து வைத்திருந்தேன். சிவப்புச் சேவலைத் தூக்கி வரிப் பெட்டைகளோடு விட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆரணிக்காரர்கள் வந்தார்கள்.

நான் கத்தி ஓய்ந்த பிறகு அப்பா நூலைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்குமா இந்தக் கத்து? செவப்புச் சேவல் போனா வரிச் சேவல் இருக்குதில்ல? அதைத் தூக்கி செவப்புப் பொட்டைங்களோட வுடு. பாவு செவப்பு, ஊடை கருப்பு. மாத்திப் பாவு கருப்பு, ஊடை செவப்புன்னு போட்டா வேற கலரா வந்துடும்? அதே ரெட்டைக் கலர்தான் வரும்."

என் கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. நானே ஏழெட்டு வருடம் தறியில் உட்கார்ந்தவள். நீளவாட்டில் ஓடும் பாவில் ஒரு நிறம், குறுக்கே போகும் ஊடையில் இன்னொரு நிறம் கொடுத்தால் புடவையில் இரண்டும் கலந்து ஒரு சாயல் ஆடும். இரண்டையும் இடம் மாற்றினாலும் அதே இரண்டு நிறம்தான், அதே கலப்புதான். புடவையை எந்தப் பக்கம் பிடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அப்பா சொன்னதில் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது சரியாக இருந்தால், அரசாங்கச் சேவலைத் தின்றுவிட்டோம் என்று நான் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே வரிச் சேவலைச் சிவப்புப் பெட்டைகளோடு விட்டேன். பழைய சேவலின் சாரம் பெட்டை உடம்பில் தங்கியிருக்கும் என்று படித்திருந்ததால் மூன்று வாரம் முட்டையை அடைக்கு எடுக்கவில்லை, வீட்டுக் குழம்புக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளில் அறுபது முட்டை சேர்த்தேன். ஓடு மெலிந்தது, கோணல், கீறல் விட்டது எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கூடையில் உமி கொட்டி, முட்டையை அதற்குள் புதைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு தாமலுக்குப் போனேன். ஒன்று உடையவில்லை. ஐந்து வீடு, ஐந்து அடைக்கோழி, ஆளுக்குப் பன்னிரண்டு. ஒரே நாளில் வைத்தோம். இவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தக் காரியமும் செய்ததில்லை. தப்பு முதல் அடியிலேயே இருந்தது.

அடை வைத்துப் பதினைந்தாம் நாள். பொரிக்கும் அன்று அலுவலர் எதிரில் நான்கு வார்த்தை பேச வேண்டுமே என்று பயிற்சி நோட்டை எடுத்தேன். தறிப் பள்ளத்தின் ஓரம் வெளிச்சம் நன்றாக விழும், அங்கே உட்கார்ந்து புரட்டினேன். அப்பா நெய்துகொண்டிருந்தார். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'வரி, சேவல் வழியாக வந்தால் மகன் மகள் இருவருக்கும் வரும். பெட்டை வழியாக வந்தால் மகனுக்கு மட்டும். ஆகவே சேவல் சிவப்பாகவும் பெட்டை வரியாகவும் இருக்க வேண்டும். மாற்றக் கூடாது.' கடைசி வாக்கியத்தின் கீழே நானே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

மூன்று முறை படித்தேன். நெசவில் பாவும் ஊடையும் சமம். கோழியில் அப்படி இல்லை. அந்த வரியை வைத்துக்கொள்ளச் சேவலுக்கு இரண்டு இடம் உண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டை அந்த ஒன்றை மகனுக்குக் கொடுத்துவிடுவாள். மகளுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இருக்காது. மகளுக்கு வரி வந்தாலும் வராவிட்டாலும் அது தகப்பன் கொடுத்ததுதான். குஞ்சின் தலையில் தெரியும் அந்தப் பொட்டு, பின்னால் வரப்போகும் வரிக்கு முன்னடையாளம். சிவப்புச் சேவலை விட்டிருந்தால் மகன் தலையில் பொட்டு, மகள் தலை வெறும் கறுப்பு என்று பிரிந்திருக்கும். நான் விட்டது வரிச் சேவலை. அது மகனுக்கும் கொடுக்கும், மகளுக்கும் கொடுக்கும். அறுபது குஞ்சு பொரித்தாலும் அறுபது தலையிலும் பொட்டு இருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எல்லாத் தலையிலும் பொட்டு இருந்தால் பெரிய பொட்டு சேவல், சின்னப் பொட்டு பெட்டை என்று அடித்துச் சொல்லிவிடு, எவன் வந்து பார்க்கப்போகிறான் என்றார். பிறகு மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைத் தூக்கி எறிந்தேன். ஆனால் அவர் சொன்னது காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. எவன் வந்து பார்க்கப்போகிறான் என்பது உண்மைதான். கொண்டை சிவந்து வித்தியாசம் தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும். அதற்குள் அறிக்கை மேலே போய்விடும், ஆணை வந்துவிடும். நோயில் செத்தது, பருந்து கொண்டு போனது என்று கணக்கே குழம்பிப்போகும். தப்பை ஒத்துக்கொள்ளாத குணம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்ததுதான். அதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

பதினாறாம் நாள் காலையில் அலுவலரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அன்றைக்குக் கருட சேவை. ஊரெல்லாம் கூட்டம், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்தே போயிருந்தால் முக்கால் மணி நேரம். பஸ் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வந்த பிறகு ஒரு நிம்மதி இருந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

எறிந்த நோட்டை மறுபடி எடுத்தேன். நோட்டில் வேறு வழி இருக்கிறதா என்று வரி விடாமல் பார்த்தேன். சிறகு நுனியில் இறகு சீக்கிரம் முளைப்பது பெட்டை, தாமதமாக முளைப்பது சேவல் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. ஆனால் அதற்கும் அதற்கென்று ஜோடி சேர்க்க வேண்டும், என் ஜோடிக்கு அது பொருந்தாது. இறகில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. என்னைக் காப்பாற்றுகிற சட்டம் ஒன்றுகூட இல்லை.

பதினெட்டாம் நாள் தாமலுக்குப் போனேன். இனி முட்டையைத் திருப்பாதீர்கள், கோழியைக் கலைக்காதீர்கள் என்று ஐந்து வீட்டிலும் சொல்ல வேண்டும். நான்கு வீடு முடித்துவிட்டு அந்த மூன்றாவது மருமகள் வீட்டுக்குப் போனேன். சமையற்கட்டுக்குப் பின்னால் பழைய முறத்தில் வைக்கோல் பரப்பி, மேலே கூடை கவிழ்த்து, அந்த ஒற்றைக் கோழியை அடை வைத்திருந்தாள். கோழி கொத்தாமல் அவள் கையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. முட்டையில் கூமுட்டை ஒன்றும் இல்லை, பன்னிரண்டிலும் உயிர் இருக்கிறது என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒரு தடவை சொல்லுமா. வெள்ளப் பொட்டு இருந்தா சேவல். பொட்டு இல்லன்னா பொட்டை. அதுல மாத்தம் வராதில்ல?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அலுவலர் இல்லை, பஞ்சாயத்து உறுப்பினர் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆரணியில் அந்த ஐந்தாவது தறி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"வராதும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மேலே ஏதாவது கேட்டுவிடப் போகிறாளே என்று பயந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

இருபத்தொன்றாம் நாள் வியாழக்கிழமை ஐந்து வீட்டிலும் பொரித்துவிட்டன. குஞ்சின் ஈரம் உலர ஒரு ராத்திரி விட்டு, அலுவலர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒன்பதுக்கே ஊர்ச் சாவடியில் போய் நின்றேன். கூட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் அவ்வளவு ஆண்கள் கோழிக்குஞ்சு பார்க்க வந்ததே இல்லை. பஞ்சாயத்து உறுப்பினர் துண்டை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்கு பெண்கள் கூடையோடு வந்தார்கள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ஒருத்தி என் காதருகில் வந்து, எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறதே என்று கேட்டாள். பேசாமல் இரு, நான் சொல்கிறேன் என்றேன். ஐந்தாவது கூடை மட்டும் வரவில்லை.

அலுவலர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கூடையைத் திறந்தேன். பதினொரு குஞ்சு, கரிக்கட்டி மாதிரி கறுப்பு, ஒவ்வொரு தலையிலும் வெள்ளை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. பொட்டு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. "பெட்டை" என்றேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். இரண்டாவதை எடுத்தேன். "சேவல்." மூன்றாவது, சேவல். நான்காவது, பெட்டை. பொட்டு பெரிதாக இருந்தால் சேவல், சின்னதாக இருந்தால் பெட்டை என்று விளக்கமும் சொன்னேன். அலுவலர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். உறுப்பினரின் முகத்தில் இருந்த கேலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்தேன். ஒரு நிமிடம் எனக்கே அது உண்மை என்று தோன்றியது.

அப்போது அவள் வந்தாள். தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள், நெற்றியில் குங்குமம். இடுப்பில் கூடை இருந்தது, கூடையில் ஒன்றும் இல்லை. குஞ்சு எங்கே என்று அலுவலர் கேட்டார். அவள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"நேத்தே நானே பாத்தேன் டீச்சரம்மா, நீ சொன்ன மாதிரியே. பன்னெண்டுலயும் வெள்ளப் பொட்டு. எல்லாம் சேவல்தான். கழிச்சல்ல இந்த ஒரு கோழி பொழச்சா, அது பொரிக்கிற சேவலெல்லாம் ஆத்தாளுக்குன்னு வேண்டிக்கினு இருந்தேன். வெள்ளிக்கெழமையாச்சே, விடியக்காலம் போயி வுட்டுட்டு வந்துட்டேன்."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தன் கைராசி அவ்வளவுதான், வீட்டுக்குப் பெட்டை அமையவில்லை என்று சிரித்துவிட்டு, மற்றவர்கள் கூடையை எட்டிப் பார்த்தாள். தாமல் ஏரிக்கரையில் அம்மன் கோயில் இருந்தது. அங்கே உயிர்க்குஞ்சை மூன்று சுற்றுச் சுற்றி விடுவது வழக்கம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அப்படி ஒரு வேண்டுதல் இருந்தது தெரியாது. அவள் ஏன் என்னிடம் மறுபடியும் கேட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

என் கையில் ஐந்தாவது குஞ்சு இருந்தது. அதைக் கூடையில் விட்டேன்.

"சார், நான் சொன்னது எல்லாம் பொய்" என்றேன். பிறகு நிறுத்தாமல் சொன்னேன். சிவப்புச் சேவலை எங்கள் வீட்டில் அறுத்துச் சாப்பிட்டது, வரிச் சேவலை மாற்றி விட்டது, இந்தக் குஞ்சுகளில் பெட்டை எது சேவல் எது என்று எனக்குத் தெரியாது, யாராலும் இன்றைக்குச் சொல்ல முடியாது, பாதியாவது பெட்டையாக இருக்கும், அந்தப் பன்னிரண்டிலும் பாதி பெட்டையாக இருந்திருக்கும். உறுப்பினர்கூட ஜோசியம் என்று வாய் திறக்கவில்லை. அவர் தன் தம்பி மனைவியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அலுவலர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை, அலுப்பாகச் சொன்னார்.

"சேவல் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பண்ணையில ஏழு செவப்புச் சேவல் சும்மா நிக்குது."

நான் ஏரிக்கரைக்கு ஓடினேன். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. கோயில் எதிரில் காக்கைகள் இருந்தன. கல்தூண் அடியில் கறுப்பாக இரண்டு மூன்று இடத்தில் இறகு ஒட்டியிருந்தது, அதைச் சொல்ல வேண்டாம். கள்ளி வேலிக்கு அடியில் கீச்சுச் சத்தம் கேட்டது. வயிற்றால் படுத்து, கை நீட்டி, இரண்டு குஞ்சை எடுத்தேன். கையெல்லாம் முள் கீறிவிட்டது. மற்ற பத்தும் இல்லை.

முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கோழி முற்றத்தில் போவதும் வருவதுமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முறத்தடியில் தேடும், ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய்த் தேடும். முந்தானையில் இருந்த குஞ்சின் சத்தம் கேட்டதும் என் காலடிக்கே ஓடி வந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தாள். ஆத்தாளுக்கு விட்டதைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்க மாட்டாள். நான் கெஞ்சினேன். சேவலைத்தானே வேண்டிக்கொண்டாய், பெட்டையாக இருந்தால் ஆத்தாள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அன்னிக்குக் கேட்டேனே, அப்பவே தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன். அவள் எழுந்து போய்க் கோழியைப் பிடித்து, கூடையைப் போட்டு மூடினாள்.

அந்த இரண்டு குஞ்சையும் காஞ்சிபுரத்துக்கே கொண்டுவந்து, அட்டைப் பெட்டியில் பழந்துணி போட்டு நானே வளர்த்தேன். ஒன்று சேவல், ஒன்று பெட்டை. இரண்டுக்கும் ஒரே மாதிரி வரி.

அலுவலர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டி ஆணை வந்தது. பண்ணையிலிருந்து வேறு சிவப்புச் சேவல் கொடுத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, இதை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னார், அவர் செய்துகொண்ட பிராயச்சித்தம் அவ்வளவுதான். ஆரணியில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். ஆவணியில் மறுபடி முட்டை வைத்தேன். இந்தத் தடவை நாற்பத்தொன்று பொரித்தன. அலுவலர் எதிரில், அதே சாவடியில், பொட்டு உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்து எண்ணிப் பார்த்தார், ஒன்றுகூடத் தப்பாக இல்லை. பஞ்சாயத்து உறுப்பினர் எனக்கு மாலை போட்டார். வேலை நிரந்தரமாயிற்று. முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தேன்.

அந்த ஆவணி மாதம் முட்டைக் கூடையோடு போனபோது, பழைய நான்கு பேரும் வாங்கிக்கொண்டார்கள். அவள் பங்குப் பன்னிரண்டையும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கடைசியாக அவள் வீட்டுக்குப் போனேன். வாங்க என்று கூப்பிட்டாள். பாய் போட்டாள். மோர் கொடுத்தாள், உப்புப் போதுமா என்று கேட்டாள். என் அம்மாவின் முழங்கால் வலியைக்கூட மறக்காமல் விசாரித்தாள். நான் கூடையை முன்னால் நகர்த்தினேன்.

"கோழி இன்னும் அடை உக்காரலம்மா. உக்காந்தா சொல்லி அனுப்பறேன்" என்றாள்.

சமையற்கட்டுக்குப் பின்னால், கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து, அடைக்கோழி கரகரவென்று முனகிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது. நான் மோரைக் குடித்து முடித்து, சரிம்மா என்று சொல்லி, முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.